விரலில் வேறு நிறம்

அன்பு மகன் ரைனெலுக்கு, நம் ஊர் பானியிலிருந்து அம்மா எழுதுவது. போனில் ஆசி கேட்க நீ மறந்துவிடுகிறாய், அதனால் கேட்காமலேயே தருகிறேன், கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். இங்கே நான், உன் அப்பா, ஆடுகள் எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் பொய் சொல்வாய். மாமரம் இந்த வருஷம் கிளை முறிகிற மாதிரி காய்த்திருக்கிறது, அப்பா சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு ஒளித்து ஒளித்துத் தின்கிறார், நீ ஒரு வார்த்தை கண்டித்து வை.

சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆட்டத்தில் நீ குந்தி உட்கார்ந்து, எந்த மாதிரிப் பந்து எறிய வேண்டும் என்று எதிரே நிற்கிற பிட்சருக்குத் தொடை நடுவே விரலால் சைகை காட்டினாயே, அப்போது டிவியில் உன் கையைப் பெரிதாகக் காட்டினார்கள். நகமெல்லாம் ஆரஞ்சு. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீ பந்தைப் பிடிக்கிற கேட்சரான நாளிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் நீ விளையாடக் கிளம்புவதற்கு முன்னால் உன் வலது கையை என் மடியில் வைத்து சைகை தூரத்திலிருந்து தெரிய மஞ்சள் நெயில் பாலிஷ் பூசி, பெட்டியில் புட்டிகளும் வைத்து அனுப்புகிறவள் நான். அங்கே உனக்கு எத்தனை பேர். பயந்து போன பிட்சரிடம் ஓடிப்போய், வாயைக் கையுறையால் மூடிக்கொண்டு என்னென்னவோ சொல்கிறாய், அதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்பதில்லை. பத்திரிகைக்காரன் உன்னை அந்த டீமுக்கே அப்பா என்று எழுதுகிறான். எனக்கென்று இருந்தது அந்த ஐந்து நகம்தான். பழைய புட்டி தீர்ந்திருக்கும், விடு என்றார் அப்பா. என்னால் விட முடியவில்லை.

மறுநாள் எதிர்வீட்டு மிலேடிஸ் துணி உலர்த்திக்கொண்டே கூப்பிட்டாள். அவள் மகன் யோர்லின் உங்கள் டீமில் பிட்சராகச் சேர்ந்ததிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவுவதில்லை. "அக்கா, டிவியில பாத்தீங்களா, ரைனெல் தம்பி விரல்ல மின்னுதே, அது நான் கொடுத்தனுப்பின பாலிஷ்" என்றாள். தெருவே கேட்கிற மாதிரி, "என் மகன் என்ன உன் வீட்டு மாப்பிள்ளையா, நீ கொடுத்ததைப் பூசிக்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் தெருவைத் தாண்டி என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். நான் வாழைக்காய் வறுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கவில்லை. என் முதுகிடம்தான் சொன்னாள். இரவு விளக்கில் யோர்லினுக்குக் கண் மங்குகிறதாம், மஞ்சள் விரல் அவனுக்குத் தெரியவில்லையாம், ஆரஞ்சு என்றால் தெரிகிறதாம். மஞ்சள் தெரியாததால்தான் மே மாதம் நீ ஒன்று காட்ட அவன் வேறொன்றை எறிந்து, பந்து உன் தோள் எலும்பில் பட்டதாம். தப்பான சைகை காட்டியது நான்தான் என்று நீ பேட்டி கொடுத்தாய். கிழவனுக்குப் புத்தி தடுமாறுகிறது, உட்கார வையுங்கள் என்று உன்னைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினான் ஒருவன், அவனை நான் சபிக்காத சாபம் இல்லை. "தெரிஞ்சா என் பையனத் திருப்பி அனுப்பிடுவாங்கக்கா, ரைனெல் தம்பிதான் யார்கிட்டயும் மூச்சு விடாதன்னான்" என்று அழுதாள். என் சமையலறையில் அழுகிறவளுக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியுமா, கொடுத்தேன், சர்க்கரையைக் குறைத்து.

விளையாடுகிற கடைசி வருஷத்தில் இன்னொருத்தி பிள்ளைக்காகக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறாய். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் வீட்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே, அந்தப் பொறாமை இன்னும் ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை.

இத்துடன் வரும் பார்சலில் இரண்டு புட்டி ஆரஞ்சு இருக்கிறது. கடை கடையாக ஏறி என் கட்டைவிரலிலேயே பூசிப் பார்த்து வாங்கினேன், அவளுடையதைவிடப் பளிச்சென்று இருக்கும். அவள் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு. அந்தப் பையனை இந்த வாரமே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போ. கண்ணாடி போட்டுக்கொண்டு எறிகிறவர்கள் இல்லையா என்ன, ஒளித்து வைத்தால் அடுத்த பந்து உன் தலையில்தான் படும். வேளைக்குச் சாப்பிடு, முழங்காலுக்கு ஐஸ் வை. கன்னி மரியாள் உன்னையும் அந்தப் பையனையும் காப்பாற்றட்டும்.

அவனுக்குக் கண்ணாடி வந்த மறுநாளே உன் விரல் மஞ்சளுக்குத் திரும்பியிருக்க வேண்டும். நான் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன்.

கட்டைவிரலில் ஆரஞ்சு இன்னும் போகாத
உன் அம்மா,
எதுவிகிஸ்