சத்தம் நின்னுபோன வண்டி

வண்டிச் சாவியத் தேடாதீங்க, என் கைப்பையில இருக்கு. நான் பஸ்ல போறேன்.

நேத்து பாப்பாவப் பின்னால உட்கார வெச்சுப் பாலம் ஏறுறப்ப இன்ஜின் அலறுது, வண்டி நகரல. பின்னாலயே லாரி. உயிர் போய் உயிர் வந்துச்சு.

வண்டி சத்தம் போடுதுன்னு முந்தாநாள் சொன்னப்ப, "மெக்கானிக் எதுக்கு? நானே சரி பண்ணிட்டேன், சத்தம் நின்னுடுச்சு பாரு"ன்னீங்க. கிளட்ச் கேபிள இழுத்து இறுக்கி வெச்சா சத்தம் நிக்கத்தான் செய்யும். கிளட்ச் முழுசாப் பிடிக்காம வழுக்கவும் செய்யும்.

காலையில நானே கேபிளத் தளர்த்திட்டேன். சத்தம் திரும்ப வந்துடுச்சு, வரட்டும். நியூட்ரல்ல கடகடங்குது, லீவரைப் பிடிச்சா நிக்குது. கிளட்ச்சுக்குள்ளதான் ஏதோ தேஞ்சிருக்கு.

மெக்கானிக் பதினோரு மணிக்கு வர்றார். "நான் கையே வைக்கல"ன்னு அவர்கிட்ட கதை அளக்காம, டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி நடந்ததச் சொல்லுங்க.

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். கேபிள் கிழிச்ச விரலுக்கு மருந்து ஜன்னல் மேல இருக்கு. தண்ணி படாமப் பாத்துக்குங்க.

இடமில்ல, ஓரத்துல எழுதுறேன்: நேத்திலேருந்து நான் வாயத் திறக்கல. அதையும் சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க.