ஒரு நாள் செத்ததற்கு எட்டு வாரக் கூலி கோரி

அனுப்புநர்
பெ. சாம்சன், எம்.ஏ. (தத்துவம்),
இணையத் தொடர் நடிகர் (பிணம்),
மாகறல், உத்திரமேரூர் வழி.

பெறுநர்
தொழிலாளர் உதவி ஆய்வாளர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: இணையத் தொடரில் பிணமாக நடித்தவருக்குப் பாகம்தோறும் கூலி பெற்றுத் தருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. எங்கள் ஊர்ச் செய்யாற்று மணலில் எடுத்த துப்பறியும் தொடரில் நான் பிணம். ஒரு நாள் வேலை. எழுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு. வெயில் சாயும்வரை மல்லாந்து கிடந்தேன். காதுக்குள் எறும்பு போனது. அசையவில்லை.

2. தொடர் வாரம் ஒரு பாகமாக எட்டு வாரம் கைப்பேசியில் வந்தது. இரண்டாம் பாகத்திலிருந்து ஒவ்வொன்றும் முன்கதையோடு தொடங்கும். முன்கதை என்றால் மணலில் கிடக்கும் நான்தான். துப்பறிபவருக்குப் பாகத்துக்கு இவ்வளவு என்று சம்பளம். எழுதியவருக்கும் அப்படியே. எனக்கு மட்டும் நாள் கணக்கு.

3. தயாரிப்பு மேலாளர் திரு. பஞ்சாட்சரம் அவர்களிடம் முறையிட்டேன். "பொணத்துக்கு இன்னா நைனா வாரா வாரம் சம்பளம்? ஒரு தபாதானே செத்த?" என்றார். யோசித்தேன். செத்தது ஒருமுறைதான். செத்துக் கிடப்பது தொடர்கிறது. முன்கதையைத் தாண்டிப் போகப் பொத்தான் இருப்பதால் என்னை யாரும் பார்ப்பதில்லை என்றும் சொன்னார்.

4. பார்க்கிறார்கள், அய்யா. டீக்கடை அம்முலு அக்கா எனக்குக் கடன் தருவதை நிறுத்திவிட்டார். "செத்தவனுக்குக் கடன் குட்த்துட்டு நான் யாராண்ட போய்க் கேக்கறது?" கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். டீ வரவில்லை. கிளம்பும்போது, "ஆனா இன்னாமா கெடந்தடா, மூச்சே காணோமே" என்றார். இந்த நடிப்புக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

5. என்னைக் கொன்றவர் யார் என்று எட்டு பாகத்திலும் சொல்லவில்லை. இரண்டாம் சீசன் வருகிறதாம். கொலையாளி அகப்படும்வரை முன்கதை ஓடும். அதுவரை நான் மணலைவிட்டு எழ முடியாது. டீயும் குடிக்க முடியாது.

ஆகவே, மீதி ஏழு பாகத்துக்கும் கூலி பெற்றுத் தருமாறு வேண்டுகிறேன். கம்பெனி இணங்காவிட்டால், அடுத்த சீசனின் முதல் பாகத்திலேயே கொலையாளியைப் பிடித்து என்னை அடக்கம் செய்துவிட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு அழைத்தால் நேரில் வருகிறேன். நடந்தே.

இடம்: மாகறல்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
உயிருடன்,
பெ. சாம்சன்