ஆறாம் வாடியின் நான்கு அல்பங்கள்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பிக்க இரண்டு பாடம்தான். முல்லைத்தீவு ரவுனில் வாங்க: சவர்க்காரம், மா, அம்மாவின் பிரஷர் மாத்திரை.

ரொறன்ரோவில் இணையத்தளம் நடத்தும் ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் ரொக் இசைக்குழு ‘ஆறாம் வாடி’ நான்கு அல்பம் போட்டுவிட்டுக் கலைந்து போயிற்று அல்லவா, அந்த நான்கையும் சிறந்ததிலிருந்து மோசமானது வரை வரிசைப்படுத்தித் தரட்டாம். பேஸ் கிற்றார் வாசித்தவள் நான் என்பதால் ‘உள்ளிருந்து ஒரு குரல்’ என்று தலைப்பாம். வெள்ளி இரவுக்குள் வேண்டுமாம்.

உள்ளிருந்து வருவது குரல் இல்லை, வாந்தி.

தவக்காலம் வேறு. மற்றவர்கள் இறைச்சியை விடுகிறார்கள். நான் இந்த நான்கையும் திரும்பக் கேட்கப் போகிறேன். இதைவிடப் பெரிய தவம் என்ன இருக்கிறது.

மார்ச் 4, புதன்

கரண்ட் இல்லை. புழுக்கம். ஹெட்போனில் கேட்டேன்.

‘கரைவலை’ – முதல் அல்பம். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் பதிந்தது. மூன்று பாட்டில் சேவல் வருகிறது. சுருதி கிடையாது. ஆனால் யாரைப் பார்த்தும் பல்லிளிக்கவில்லை. 1.

‘மண்ணெண்ணெய்’ – பாதி நல்லது. மீதியில் எங்கள் பாடகன் ஜூட் பாடுவதை விட்டுத் தன் கிற்றாரைத் தானே ரசிக்கிறான். ஒரு இடத்தில் ஆறு நிமிடம். அதற்குள் கீரை கடைந்து முடிக்கலாம். 2.

‘தாயகக் காற்று’ – நான்காவது அல்பம். தூ. வெளிநாட்டு மேடைக்கென்றே செய்தது. பனை, கடல், கண்ணீர், புல்லாங்குழல். அட்டையில் நான் சேலை கட்டிப் பனையில் சாய்ந்து நிற்கிறேன். வாழ்நாளில் பனையில் சாய்ந்ததில்லை, சிராய் குத்தும். கடைசி இடம், பேச்சே இல்லை.

மூன்றாவது அல்பம் ‘சோளகம்’ மிச்சம். தலைவலி. நாளைக்கு.

மார்ச் 5, வியாழன்

தலைவலி என்றது பொய்.

‘சோளகம்’தான் எல்லோருக்கும் பிடித்த அல்பம், அதன் கடைசிப் பாட்டுக்காக. அண்ணா கடலில் இறந்தபோது செத்தவீட்டில் அம்மா அழுததைப் போனில் பதிந்தவள் நான். ஏன் பதிந்தேன் என்று அன்று தெரியாது. ஒரு வருடம் கழித்து அதை ஜூட்டிடம் கொடுத்ததும் நான்தான். அவன் குரலைத் தாழ்த்தி, எதிரொலி ஏற்றி, ‘என்ரை மகனே’ என்ற இரண்டு சொல்லை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்பப் போட்டு, அடியில் டிரம்ஸ் வைத்தான். நான் பேஸ் வாசித்தேன். நன்றாக வாசித்திருக்கிறேன். அதுதான் அருவருப்பு.

அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

ஜூட்டுக்குப் போன் எடுத்தேன். இதுதான் நாலாவது இடம், காரணத்தையும் எழுதப் போகிறேன் என்றேன்.

“உனக்கென்ன விசரே? அந்தப் பாட்டாலைதான் எங்களை நாலு சனத்துக்குத் தெரியும்.”

வைத்துவிட்டேன். பனைமரப் படம் போட்ட ‘தாயகக் காற்று’ 3க்கு ஏறிவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

மந்தாரம். மழை இல்லை. ஹெட்போன் ஒரு பக்கம் செத்துவிட்டது. எழுதுவதற்கு முன் அந்தப் பாட்டை ஒருமுறையாவது முழுதாகக் கேட்க வேண்டும். அம்மா கோயிலுக்குச் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

பாதியில் வந்துவிட்டார். நிறுத்தக் கை போகவில்லை. தவக்காலத்தில் பாட்டா என்று ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். பெரிய வெள்ளிக்குப் படிக்கும் பசாம் என்று நினைத்துவிட்டார். மாதா தன் மகனுக்காகப் புலம்புகிற இடமாம்.

முடியும்வரை நின்றார். மேளம் மட்டும் கூடாது, மற்றும்படி நல்ல பசாம் என்றார். பிறகு கதிரையில் இருந்தார்.

“மாதாவுக்கு அழுறது ஆரோ பிள்ளையைப் பறிகுடுத்த மனிசிதான். இல்லாட்டி உப்பிடி வராது. அவாவைக் கேட்டுத்தானே பதிஞ்சவை?”

ஓம் என்றேன்.