நாற்பத்தொரு வருடம் யாருடையது

மார்ச் 4

என் நாற்பத்தொரு வருடத்தை என் மைத்துனன் திருடிவிட்டான்.

பட்டப்பகலில், வழவழப்பான காகிதத்தில், கலரில். எங்கள் வக்கீல் அலுவலகத்தின் புதுத் துண்டறிக்கை இன்று அச்சாகி வந்தது. அவன் படத்துக்குக் கீழே, 'உயில், வாரிசுரிமை வழக்குகளில் நாற்பத்தொரு ஆண்டு அனுபவம்.' அவன் வக்கீலாகிப் பத்தொன்பது வருடம். நாற்பத்தொரு வருடத்துக்கு முன் அவனுக்கு ஒன்பது வயது. சட்டைப் பொத்தானையே மாற்றிப் போடுவான். அந்த வருடங்கள் என்னுடையவை. தட்டச்சு செய்ய வந்த நான், பழைய வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் படித்துப் படித்தே உயில் எழுதக் கற்றேன்.

கேட்டேன். "நம்ம ஆபீஸ் அனுபவம்தானே அத்தான்? உங்களுது என்னுதுன்னு பிரிச்சா பாக்கறது?" என்றான்.

பாகப்பிரிவினை வழக்கு நடத்திச் சாப்பிடுகிறவன் கேட்கிற கேள்வியா இது?

மார்ச் 5

வேலைக்குப் போகவில்லை. அலுவலகம் இடிந்து விழுந்ததாகத் தகவல் இல்லை.

மார்ச் 7

மனைவியிடம் நியாயம் கேட்டேன். "அவன் என் தம்பி, நீங்க என் புருஷன். உங்க சண்டைல என்னைச் சாட்சிக்கு இழுக்காதீங்க" என்று துணி உலர்த்தப் போய்விட்டாள்.

மத்தியானம் ஒரு கட்சிக்காரர் வீடு தேடி வந்தார், தானே எழுதிய உயிலோடு. வீடு அவர் தம்பிக்கு, சாட்சிக் கையெழுத்தும் அதே தம்பி! சொத்து வாங்குகிறவனே சாட்சி நின்றால் கொடுத்தது செல்லாது என்று திருப்பி அனுப்பினேன். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அட்டை போட்ட நோட்டில் இப்படிப்பட்ட அசடுகளின் பட்டியலே வைத்திருக்கிறேன். இவர் நூற்றுப் பதினான்காவது.

இந்த நோட்டு அவன் படத்துக்குக் கீழே வருமா?

மார்ச் 9

முடிவு செய்துவிட்டேன். என் பழைய உயிலில், அதை நிறைவேற்றும் பொறுப்பு மைத்துனனுக்கு. இனி இல்லை. காலையிலேயே உட்கார்ந்து புது உயில் எழுதினேன். வீடு உட்பட எல்லாம் மனைவிக்கு, நிறைவேற்றுவதும் அவளே. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எதிர்க்கடைத் தையல்காரர் சாட்சி போட்டார். இரண்டாவது சாட்சிக்கு மாடி வீட்டுப் பல் டாக்டரைத் தேடினால் பூட்டு. கோபத்தை ஆறவிடுவதா? மனைவியைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

நாளை இதை அவன் மேசையில் வைப்பேன். படித்து வேகட்டும்.

மார்ச் 10

வைத்தேன். படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தான். கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அத்தான்... அக்காவுக்கு எழுதிட்டு, அக்காவையே சாட்சி போட்டிருக்கீங்க."

தரை பிளக்கவில்லை. பிளந்திருக்கலாம்.

"உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

வீட்டில் அந்தக் குறை தீர்ந்தது. இவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தாள்.

மார்ச் 11

நோட்டை எடுத்தேன். மூடினேன். இது கணக்கில் வருமா? கோபத்தில் எழுதியது ஆயிற்றே? அந்த நூற்றுப் பதினான்கு பேரும் இப்படித்தான் ஏதாவது சொன்னார்கள்.

எழுதினேன். நூற்றுப் பதினைந்து: நான்.

மார்ச் 12

மைத்துனன் வந்தான், துண்டறிக்கையைத் திருத்தி எடுத்துக்கொண்டு. வக்கீல், பத்தொன்பது ஆண்டு. கீழே என் பெயர், உயில் வரைவாளர், நாற்பத்தொரு ஆண்டு. படம் வேண்டுமா என்றான். வேண்டாம் என்றேன். இவள், "போடுடா, கேட்டா இப்படித்தான் சொல்வாரு" என்றாள்.

நாளை ஆக வேண்டியவை:

அச்சகக்காரர்: பழைய துண்டறிக்கை ஒன்றுகூட வெளியே போகாமல் கிழித்துப் போட வேண்டும்.

தையல்காரர், பல் டாக்டர்: பத்து மணிக்கு அலுவலகம் வந்து சாட்சி போட வேண்டும்.

மனைவி: வீட்டிலேயே இருக்க வேண்டும். பேனாவைத் தொடக்கூடாது.

மைத்துனன்: என் உயிலை அவனே எழுத வேண்டும். நிறைவேற்றுபவர் என்ற இடத்தில் அவன் பெயர்.

நான்: மேசைக்கு இந்தப் பக்கம், கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார வேண்டும். கேட்டால் மட்டும் பேச வேண்டும். (இந்தக் கடைசி வரி இவள் சொல்லி எழுதியது. அடித்திருப்பேன், அடித்தல் திருத்தல் என் கைக்கு வராது.)