எதிர் புளோக்கில் காலியாக இருந்த வீடு

தோ பாயோ, சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுபத்ராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் சுகம், நீங்கள் மூவரும் சுகமா என்று ஒரு வரியில் முடித்தால் உனக்குப் போதாது, அப்புறம் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுத் துருவுவாய், அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். அப்பா பஸ் நிறுத்தத்தில் விழுந்தாரே, அந்த முட்டி வீக்கம் வற்றிவிட்டது, மறுபடியும் காலையில் கோப்பிக்கடையில் போய் ஊர் நியாயம் பேசுகிறார். எனக்குச் சர்க்கரை ஏறுகிறது இறங்குகிறது, அது அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். போனில் சொல்லவேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். போனில் பேசினால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் குரலை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாய், காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

போன வாரம் நீ கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. "அம்மா, அவரோட கம்பெனில சிங்கப்பூர் கிளைக்கு மாத்தித் தரேங்கறாங்க, மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும், நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லு, நாங்க வந்துடறோம்" என்றாய். அப்பா விழுந்ததை நாங்கள் மறைத்ததும் எதிர்வீட்டு ஹுய் லிங் உனக்குச் சொல்லிவிட்டதும்தான் இதற்கெல்லாம் மூலம் என்று எனக்குத் தெரியாதா? பெர்த்தில் வேலை, வீடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று எல்லாம் அமைந்த பிறகு அப்பாவின் முட்டிக்காக மூட்டை கட்டுகிறாய். நான் அன்றைக்கு யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசித்தேன், நன்றாகவே யோசித்தேன்.

அப்பாவிடம் கேட்டால் அவருக்கு யோசனையே வேண்டாம். உன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து கோப்பிக்கடையில் தினமும் இதே கச்சேரிதான். "பால் வாங்கக் காரை எடுக்கணும், அதெல்லாம் ஒரு ஊரா? சாயந்தரமானா கடைக்காரன் கதவைச் சாத்திட்டுத் தூங்கப் போயிடறான். குழாய் ஒழுகுதுன்னு சொன்னா அடுத்த வாரம் வரேங்கறான், வந்தவன் வானிலையைப் பத்தி அரைமணி பேசறான். இங்க கீழ இறங்கினா சோறு, தடுக்கி விழுந்தா டாக்டர்" என்பார். தடுக்கி விழுந்தவர் சொல்வதால் மற்றவர்களும் மறுத்துப் பேசுவதில்லை. வீட்டுக்குள்ளேயே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு குளிரில் நடுங்கியதையும், விமான நிலையத்தில் என் கறிவேப்பிலையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டதையும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை. கறிவேப்பிலையை நானும்தான் மன்னிக்கவில்லை.

எனக்கு நடந்த அவமானம் ஒன்று இருக்கிறதே, அதை யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் சத்தியம் வாங்கியும் நீ என் பேத்தி யாழினியிடம் சொல்லி, அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். உங்கள் ஊரின் அந்தப் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் நல்ல மேசையாகப் பார்த்து என் டிஷ்யூ பேக்கெட்டை வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், டிஷ்யூ பேக்கெட் இருந்தால் அந்த மேசைக்கு ஆள் இருக்கிறது, பிரதமரே வந்தாலும் உட்காரமாட்டார். தட்டோடு திரும்பிப் பார்த்தால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பமே அங்கே கொலுவிருக்கிறது. அந்த அம்மாள் எழுந்து, யாரோ பாவம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், உங்களுடையதா என்று என் டிஷ்யூவை என் கையிலேயே கொடுத்தாள், கூடவே ஒரு சிரிப்பு வேறு. நான் தமிழில் திட்டினேன், அவள் நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, நாற்காலியை நகர்த்தி நம்மையும் உட்காரச் சொன்னாள். நாமும் உட்கார்ந்தோம். அவள் தன் பிள்ளையின் நீச்சல் வகுப்பு வரைக்கும் பேசி முடித்தாள். தோ பாயோவில் முப்பது வருஷமாக எத்தனையோ மேசைகளைப் பிடித்திருக்கிறேன், பக்கத்து மேசைக்காரியின் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

ஆனாலும் சுபா, எனக்கு நீ இங்கே வேண்டும். அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? உன் ஊரிலும் என் ஊரிலும் கடிகாரம் ஒன்றுதான், அதுவே எனக்குப் பெரிய ரோதனை. இப்போது நீ யாழினிக்குத் தலை பின்னுவாய், இப்போது காரை எடுப்பாய் என்று மணி பார்க்கிறபோதெல்லாம் நீ பக்கத்துத் தெருவில் இருப்பது போலவே இருக்கிறது, ஒரு கிண்ணம் ரசத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம் போல இருக்கிறது. அப்படியே ஒரு பைத்தியக்காரக் காரியமும் செய்தேன். எதிர் புளோக்கில், நம் சமையலறை ஜன்னலுக்கு நேராக, நான்காம் மாடி வீடு வாடகைக்குக் காலியாக இருந்தது. நீ கேள்வி கேட்ட மறுநாளே மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஏஜெண்டோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வீட்டு அடுப்படியில் நின்று பார்த்தால் நம் வீட்டு மூங்கில் கழியில் அப்பாவின் பனியன் காய்வது தெரிகிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். எனக்கு என்ன வந்ததோ, ஏஜெண்டுப் பையன் போனில் பேசப் போன நேரத்தில் பையிலிருந்து டிஷ்யூ பேக்கெட்டை எடுத்து அந்த அடுப்புமேடையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒரு பேக்கெட் டிஷ்யூவுக்கு நாலு ரூம் வீடா, லோகா? எனக்கும் கடற்கரைப் பக்கம் ஒண்ணு போட்டு வை லா" என்று கோப்பிக்கடை பாஷையில் சொன்னார். சிரித்துவிட்டு, அந்த வீட்டில் காற்று வருமா, சாயங்கால வெயில் அடிக்குமா என்று அவரே கேட்டார். அவருக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன?

உனக்கு அன்றைக்கே போன் செய்து வா என்று சொல்லத்தான் இருந்தேன். குப்பை போடக் கதவைத் திறந்தால் ஹுய் லிங்கின் மகள், நம் வீட்டிலேயே தவழ்ந்து தமிழ் பழகிய ஷின் யீ, மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள், முதுகில் பை, கையில் ஒன்றும் இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இது ஆறாம் வகுப்பு, பெரிய பரீட்சை, அடுத்த பள்ளிக்கூடமே அந்த மார்க்கில்தான். சாவி இல்லையா கண்ணு, உள்ளே வந்து உட்கார் என்றேன். "சாவி இருக்கு ஆன்ட்டி. உள்ள போனா கணக்கு டியூஷன் டீச்சர் உக்காந்திருப்பாங்க, அவங்க போனா சீன மொழி டீச்சர் வருவாங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுப் போறேன், அம்மாட்ட சொல்லிடாதீங்க" என்றாள். ஹுய் லிங்கைக் குறை சொல்லமாட்டேன், அவள் வேலையிலிருந்து வரும்போது இருட்டிவிடுகிறது, மற்ற பிள்ளைகள் ஓடும்போது தன் பிள்ளையை மட்டும் நிறுத்திவைக்க எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்? நீயும் அந்த வயதில் அப்படித்தானே ஓடினாய், அதன் பிறகு படிப்பு, வேலை, கல்யாணம் என்று பெர்த்துக்குப் போகும்வரை நின்றுகொண்டே சாப்பிட்ட பெண்தானே நீ?

அந்தப் பிள்ளை சொன்ன "சும்மா" என்ற வார்த்தை எனக்கு உன் வீட்டுக் கொல்லைப் படியைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஒருநாள் வெயில் இறங்குவதற்குள் நீ வேலையிலிருந்து வந்துவிட்டாய், மாப்பிள்ளை அடுப்பில் ஏதோ கருக்கிக்கொண்டிருந்தார், நீயும் யாழினியும் படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டு கொட்டையை யார் தூரத் துப்புவது என்று போட்டி போட்டீர்கள். வேறு ஒன்றும் செய்யவில்லை. என் மகள் சும்மா உட்கார்ந்து அன்றுதான் நான் பார்த்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்து உள்ளே போய் அழுதேன், வெங்காயம் என்று சொல்லிவிட்டேன். இரண்டும் பணக்கார நாடுதான், இரண்டிலும் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர்தான். அங்கே உனக்கு உட்கார நேரம் கிடைத்திருக்கிறது, அதைப் பறித்து நான்காம் மாடியில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நான் என்ன கொண்டாடப் போகிறேன்?

அதனால் என் பதிலைக் கேள். எங்களுக்காக வராதே. உனக்கே இந்த ஊர் வேண்டும் என்று மனது கேட்டால் வா, கதவு திறந்தே இருக்கிறது. அப்பாவின் முட்டிக்கும் என் சர்க்கரைக்கும் இங்கே கீழே இறங்கினால் டாக்டர் இருக்கிறார், அப்பாவே தினமும் சொல்கிறாரே. ஆனியில் நாங்கள் உன்னிடம் வருகிறோம், அப்பா முனகுவார், முனகிக்கொண்டே பெட்டி கட்டுவார். ஏஜெண்டுப் பையனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று அந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது, சின்ன வயதுத் தம்பதி, கைக்குழந்தை ஒன்று. காலையில் நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் ஸ்டூலில் ஏறி ஜன்னலுக்கு மஞ்சள் திரை மாட்டினாள். கடுகு கருகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளைக்கும் யாழினிக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்த்துக்கொண்டு, நூறாண்டு நன்றாக இருக்கவேண்டும். யாழினி தொப்பி போடாமல் வெயிலில் போகக்கூடாது. இதைப் படித்ததும் போன் செய்வாய் என்று தெரியும், செய். ஆனால் இதைப் பற்றி மட்டும் கேட்காதே கண்ணு, என்ன சமைத்தாய் என்று கேள், அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

உன் அம்மா,
லோகாம்பாள்