எண்பதாம் கல்யாணத்துக்கு வந்த சாவு மாலைகள்

கோட்டூர்புரம்
மாசி மாதம், 1997

அன்பு மகள் அஞ்சலைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி தயாளனும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குவைத்து வெயிலில் நீயும் அப்படியே இருக்க முண்டகக்கண்ணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. தம்பிக்கு விசா கேட்டிருப்பதாக எழுதியிருந்தாய், அதைக் கொஞ்சம் நிறுத்தி வை கண்ணு, ஏன் என்று சொல்கிறேன்.

உங்க நைனா செத்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை, இங்கே நடந்தது உனக்குத் தெரியாது, நானும் எழுதவில்லை, எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. சொல்லி வைத்த மேளக்காரர்கள் அன்றைக்குப் பார்த்து ஏதோ கட்சி ஊர்வலத்துக்குப் போய்விட்டார்கள். மேளம் இல்லாமல் எப்படித் தூக்குவது என்று ஆம்பளைகள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, தயாளன் எழுந்து போய்க் கிடாரை எடுத்து வந்தான். கூட அவன் செட்டுப் பையன்கள், மயிலாப்பூர் ஸ்ரீநாத்தும் டிரம்ஸ் அடிக்கிற ஷோயபும். தாங்களே கட்டின பாட்டைத்தான் பாடுவோம், சினிமாப் பாட்டு பாட மாட்டோம் என்று எத்தனையோ கச்சேரியை விட்டவர்கள், அன்றைக்கும் சொந்தப் பாட்டுதான். பஸ்ஸில் போகிற ஒரு பெண்ணைப் பற்றினது. நீ உட்கார்ந்த ஜன்னல் ஓரம் காலியாய்ப் போகுது என்று வரும். குத்தாட்டம் போட வந்தவர்கள் தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்கள், பிறகு ஒவ்வொருவராய் அழ ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் உங்க நைனா, "டேய், இத்தக் கேட்டா பொணம்கூட எழுந்து ஓடிப்பூடும்டா" என்பாரே, ஞாபகம் இருக்கிறதா. நான் அழாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிகிற வரைக்கும் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை.

அதிலிருந்து பிடித்தது பேர். அடுத்த பிளாக்கில் ஒரு கிழவி செத்தாள், அந்தக் கிடார் பையன்களைக் கூப்பிடு என்றார்கள். பிறகு அடையாறு, ராஜா அண்ணாமலைபுரம், பாலவாக்கம் வரைக்கும் சாவுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். என்ன மெட்டுடா, நெஞ்சைப் பிசைகிறது என்று எல்லோரும் மெச்சுகிறார்கள், ஆனால் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்துக்குக் கூப்பிட ஆளில்லை. கிடாரோடு பஸ் ஏறினால் கண்டக்டர் யார் வீட்டில் என்று கேட்கிறாராம். ஷோயப் அக்கா நிக்காஹ்வுக்கே அவன் அத்தை ஹாஜிரா பீ டிரம்ஸ் வாசல் தாண்டக் கூடாது என்றுவிட்டார். உன் தம்பி சோறு இறங்காமல், "யம்மா, நாங்க இன்னா சங்கா ஊதிக்கினு கீறோம், பாட்டு கட்றோம்மா" என்று புலம்பினான். தை முடிவதற்குள் ஒரு நல்ல காரியம் வராவிட்டால் கிடாரை விற்றுவிட்டு அக்காவிடம் போகிறேன் என்றுதான் உனக்கு எழுதினான். நீ அங்கே, அவர் மேலே, இவனும் போய்விட்டால் நான் யாருக்குச் சோறு வடிப்பேன் என்று அவனிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

நான் வேலை செய்கிற வீட்டுக் கன்னையா பெரியவருக்கு இவர்கள் பாட்டு என்றால் உயிர். எவர் செத்தாலும் முதல் ஆளாய்ப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் பையன்கள் பாடிப் பழகுகிற நம் மொட்டை மாடிக்கே மூச்சு வாங்க ஏறி வந்து, தன் சாவுக்கு எந்தப் பாட்டு என்று இப்போதே பொறுக்க வேண்டும் என்றார். ஜன்னல் ஓரம் பாட்டைப் பொறுக்கி, இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பாடுங்கள் என்று திருத்தம் வேறு. எனக்குப் பொறுக்கவில்லை. "செத்தப்புறம் பாடினா உங்க காதுல உழுமா?" என்று கேட்டுவிட்டேன். படி இறங்கிப் போனார். மறுநாள் கூப்பிட்டு, எண்பதாம் கல்யாணம் வருகிறது, சாயங்காலம் பசங்க வரட்டும் என்றார்.

பந்தல் போட்டு, வாழை கட்டி, எல்லாம் நல்லபடிதான் இருந்தது கண்ணு. பையன்கள் ஜன்னல் ஓரம் பாட்டை எடுத்ததுதான் தாமதம், தெருவே மாலையோடு ஓடி வந்துவிட்டது. கன்னையா போய்விட்டார் என்று ஒரு பொம்பளை மார்பில் அடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். யாரோ சொல்லி ஐஸ் பெட்டி வண்டிகூட வந்து வாசலில் நின்றது. அவர் சம்சாரம், "தாலி கழுத்துல கீறப்பவே இன்னாடி அழுவுற" என்று துடைப்பத்தை எடுத்துவிட்டார். பெரியவர் அசையவில்லை. "கொண்டாந்தத எனக்குப் போட்டுட்டுப் போங்க, அப்பால வாசன தெரியாது" என்று ஒவ்வொரு மாலையாய்க் கழுத்தில் வாங்கி, மூக்கு வரை பூவாக, கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார். பாட்டு முடிந்தது. கண் திறக்கவில்லை. தயாளன் முகம் வெளுத்துவிட்டது. இதுவும் போச்சா என்று நான் கிட்டே போய் அந்த முகத்தையே பார்த்தேன், அன்றைக்கு உங்க நைனாவைப் பார்த்த மாதிரி. ஒரு கண்ணைத் திறந்தார். "முனிம்மா, இன்னொரு வாட்டி பாடச் சொல்லு" என்றார். அழ வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள், பாயசமும் குடித்தார்கள். நான்தான் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதேன், உங்க நைனா போனதிலிருந்து அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

மாலை கொண்டு வந்தவர்களில் ஒருத்தர் தன் பெண் வளைகாப்புக்குப் பையன்களைச் சொல்லி வைத்துவிட்டுப் போனார். தம்பி கிடாருக்குப் புதுக் கம்பி மாட்டிவிட்டான், அதனால்தான் விசா வேண்டாம் என்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு ஏசியில் படுக்காதே. அம்மன் உனக்குத் துணை இருப்பாள், நல்லா இருப்பாய். பாட்டை கேசட்டில் பிடித்து, குவைத்துக்குத் திரும்புகிற மெஹபூப் அலி பாயிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கேட்கும்போது அழாதே, அது பஸ் பாட்டு.

உன் அம்மா
முனியம்மாள்