ஒரு விரலால் திறக்கும் சுவர்

இன்று காலை கிளேபாங்கில் காரைக் கழுவக் கொடுத்தேன். பின்பெட்டியைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னாக்கா, உள்ள எதும் செத்துக் கெடக்கா?" என்றார். ஷாம்பு போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்றும் சொன்னார். அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். அது உன் கோழி எரு. வெண்டைப் பாத்திக்கென்று நீ வாங்கிய மூட்டை, சுங்கை ரம்பாய்ச் சாலையில் ஒரு வளைவில் சாய்ந்து கொட்டியது. அன்றைக்கு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. வெயிலில் கார் சூடானால் அந்த நாற்றம் மெல்ல எழும்புகிறது. நான் கண்ணாடியை இறக்குவதில்லை.

நீ அறிவியல் ஆசிரியை, நான் மலாக்கா டவுனில் கட்டட வரைபடம் போடுகிறவள். பள்ளியில் ஆறாம் படிவத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்த உரிமையில், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் உன் தமிழ்ப்பள்ளிக்கு வரும் புதுக் கட்டடத்தை நான்தான் வரைய வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் அடம்பிடித்து வாங்கிக் கொடுத்தாய். விவசாயம், அறிவியல், ரோபோ வகுப்பு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பளபளக்கும் டைல்ஸ், கண்ணாடிக் கதவு, குளிரூட்டும் ஏர்கோன் எல்லாம் போட்டு வரைந்து வந்தேன். நீ மறுநாள் உன் வகுப்பில் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தாய்.

பிள்ளைகள் வெண்டைப் பாத்திக்குப் போய்த் திரும்பினார்கள். அறிவியல் அறைக்குள் சப்பாத்துக் காலோடு நுழையக்கூடாது. சேறு படிந்த சப்பாத்துகளை வாசலில் கழற்றி, ஒரே ஒரு குழாயடியில் வரிசை நின்று, கால் கழுவித் துடைத்து உள்ளே வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. நீ கைத்தொலைபேசியில் ஓடிய நேரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

"கால் கழுவவே பாடம் முடிஞ்சிருச்சு. அப்புறம் எப்பலா படிக்கிறது?"

அந்த வரைபடத்தை நானே கிழித்தேன். இருவரும் மறுபடி தொடங்கினோம். பாத்தியும் அறையும் ஒரே மட்டம், நடுவில் படியே இல்லை. சேற்றுக் காலோடு நடக்கச் சொரசொரப்பான சிமெண்டுத் தரை. பிள்ளைகளின் உயரத்துக்கு நீளமான தண்ணீர்த் தொட்டி. தரை நனைந்தாலும் பயமில்லாதபடி மின்சாரம் கூரையிலிருந்து இறங்கும். சக்கரம் வைத்த மேசைகள் காலையில் நாற்றுக்கு, மதியம் ரோபோவுக்கு. பாத்தியைப் பார்த்த பக்கம் முழுவதும் மடக்கித் தள்ளும் சுவர். பூப்பந்துத் திடலில் சாக்கட்டியால் அறையைக் கோடு போட்டு, மேசைகளைத் தள்ளிப் பார்க்கச் சொல்லி என் இடுப்பை ஒடித்தாய். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று நீ மருத்துவமனையில் இருந்தாய். வரைபடத்தைப் பார்த்த ஒரு தந்தை எழுந்து நின்றார்.

"எங்கம்மா லயத்துல சிமெண்டுத் தரையிலதான் செத்தாங்க. எம்புள்ளைக்கும் அதே தரைதானா?"

நானும் அப்படியொரு லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தான். நீ இருந்திருந்தால் அந்தத் தொலைபேசியை நீட்டியிருப்பாய். நான் தலையாட்டினேன். டைல்ஸ் வந்தது. அதோடு சேர்த்து, டைல்ஸில் சேறு படாமலிருக்க, வரைபடத்தில் மடக்குச் சுவர் இருந்த இடத்தில் செங்கல் சுவரும் வந்தது.

உன்னிடம் சொல்லவில்லை. நீ ஒவ்வொரு முறையும் கேட்டாய். உன்னைப் பார்க்க நான் கடைசியாக வந்தபோது, "சொவரு வந்துருச்சா? ஒண்ணாம் ஆண்டுப் புள்ள தள்ள முடியுமா?" என்றாய். உன் கை குச்சியாகியிருந்தது. "ஒரு விரலால தள்ளினாலே போதும்டி" என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன் என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குத் தைரியமில்லை. அந்த வாரமே நீ போய்விட்டாய்.

திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. போன வாரம்தான் போனேன். வாசலில் சப்பாத்துக் குவியல், குழாயடியில் அதே வரிசை. தலைமையாசிரியர் உள்ளே கூட்டிப்போய்ச் சலித்துக்கொண்டார். எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் புதுச் சுவரை அழுக்காக்குகிறார்களாம். பார்த்தேன். பாத்திப் பக்கச் சுவரில், என் இடுப்பு உயரத்தில், வரிசையாகச் சேற்று விரல் தடங்கள். ஏன் என்று ஒரு சிறுமியிடம் கேட்டேன்.

"டீச்சர் ஆஸ்பத்திரியிலேருந்து வீடியோ கோல்ல சொன்னாங்க. ஒரு வெரல வச்சுத் தள்ளினா தொறக்குமாம். எந்த எடம்னுதான் தெரியல."

எல்லோரும் போன பிறகு நானும் ஒரு விரலை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்றே சங்கத்தாரை அந்த அறைக்கே வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னேன், உன்னிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து. டைல்ஸ் கேட்ட அந்தத் தந்தை சுவர்ப் பக்கம் போய் அந்தத் தடங்களைப் பார்த்தார். பிறகு, மடக்குச் சுவர் போட்ட பழைய வரைபடம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார். வேறு வாக்கு எதுவும் தரவில்லை.

அது இப்போது காரின் பின்பெட்டியில், உன் எரு நாற்றத்தில் கிடக்கிறது. இன்று மாலை கொண்டுபோகிறேன். சுவர் திறந்தாலும் உன்னிடம் வந்து சொல்ல எனக்கு வாயில்லை. ஒருமுறை என் பேச்சை நம்பிவிட்டாய், அது போதும். இந்த முறை பிள்ளைகள் தள்ளிப் பார்த்து, அவர்களே உனக்குச் சொல்லட்டும்.